‘அந்த மெயில் நீங்கள் எழுதியதுதானா?’

கேள்வி:

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் பதினோரு வருடமாக மெர்ச்சன்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனித்துக்கொள்பவளாக இருக்கிறேன். தமிழ் வழியில் படித்தவள். என் ஆங்கிலம் வேலைக்குப் போதும், அழகாக இருக்காது. ஒன்றரை வருடமாக எல்லா மெயிலையும் ஏஐயிடம் கொடுத்து எழுதி வாங்கித்தான் அனுப்புகிறேன். முதலாளிக்கும் திருப்தி.

ஜெர்மனியில் எங்களுக்கு ஒரு பழைய பையர் (எங்களிடம் துணி வாங்குபவர்) உண்டு, ஒன்பது வருடப் பழக்கம். 2018இல் தொழிற்சாலையைப் பார்க்க வந்தபோது அவருடைய அப்பாவும் கூட வந்தார். அப்பா பழைய டெய்லராம். எங்கள் கட்டிங் டேபிள் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த அப்பா இறந்துவிட்டதாகப் போன மாதம் பையர் எழுதியிருந்தார். இந்த மாதிரி விஷயத்தில் தப்பாக ஏதும் எழுதிவிடக் கூடாதே என்று ஏஐயிடம் கேட்டு நாலு பத்தியில் ஆறுதல் கடிதம் அனுப்பினேன். ‘நன்றி’ என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. அடுத்த வாரம் வீடியோ காலில் வேலையெல்லாம் பேசி முடித்தபின், “அந்த மெயில் நீங்கள் எழுதியதுதானா? 2020இல் நீங்கள் எழுதியதை இன்னும் வைத்திருக்கிறேன்” என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நெட் சரியில்லை என்று சொல்லி இணைப்பைக் கட் செய்துவிட்டேன்.

ஏஐயை விட்டுவிட வேண்டுமா? விட்டால் பழைய தப்பு இங்கிலீஷுக்குத்தானே போக வேண்டும்? அவருக்கு இப்போது என்ன எழுதுவது? ஒரு மாதிரிக் கடிதம் தந்தால் உதவியாக இருக்கும். அந்த 2020 மெயிலையும் போன மாத மெயிலையும் இணைத்திருக்கிறேன். என் பெயர் வேண்டாம்.

— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

‘நெட் சரியில்லை’ என்ற இடத்தில் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ஏற்றுமதி அலுவலகங்களில் இருபது வருடம் பையர்களுக்கு மெயில் எழுதிவிட்டு, இப்போது அதையே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன் நான். அந்தச் சாக்கை நானும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய இரண்டு மெயில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். 2020 மே மாதத்து மெயிலில் மூன்றே வரி. ஆர்டர்கள் நின்று, வெளிமாநிலத் தொழிலாளர்கள் ரயில் ரயிலாக ஊர் திரும்பிக்கொண்டிருந்த நேரம் அது. ஹாஸ்டல் காலி என்கிறீர்கள். மெஷின் சத்தம் கேட்காமல் உங்கள் மகளுக்குத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்கிறீர்கள். அவரும் வீட்டாரும் பத்திரமா என்று கேட்கிறீர்கள். மூன்று வரியில் நான்கு இலக்கணப் பிழை, எண்ணிப் பார்த்தேன். போன மாத மெயிலில் ஒரு பிழைகூட இல்லை. ஆழ்ந்த இரங்கல் இருக்கிறது, கடினமான தருணம் இருக்கிறது, இனிய நினைவுகள் ஆறுதல் தரட்டும் என்ற வாழ்த்தும் இருக்கிறது. அந்த அப்பா மட்டும் எங்கும் இல்லை. கட்டிங் டேபிள் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த அந்த வயதான டெய்லரைப் பற்றி எனக்கு எழுதினீர்கள். ஏஐயிடம் சொல்லவில்லை, அவருடைய பிள்ளையிடமும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்து விஷயம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. ‘நம் நடை’, ‘நம் குரல்’ என்றதும் ஏதோ எழுத்தாளர்களுக்குரிய சமாச்சாரம் என்று நினைத்துக்கொள்கிறோம். மெயிலில் குரல் என்பது பெரும்பாலும் நமக்கு மட்டும் தெரிந்த ஒரு விவரத்தை எடுத்துச் சொல்வதும், எதை முதலில் சொல்கிறோம் என்பதும்தான். இலக்கணம் அதற்குப் பிறகுதான். உங்கள் பையர் ஒன்பது வருடமாக உங்கள் பிழைகளோடு பழகியவர். பிழை போனதை அவர் கவனித்தாரோ இல்லையோ, நீங்கள் போனதைக் கவனித்துவிட்டார்.

இது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச்சூடு நடந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். வேறொரு மாநிலத்தில் இருக்கும் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பீபாடி கல்லூரியிலிருந்து மாணவர்களுக்கு ஓர் ஆறுதல் மெயில் போனது. ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும், சமூகமாகச் சேர்ந்து நிற்க வேண்டும் என்றெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். அதன் அடியில் சின்னதாக ஒரு வரி, இது சாட்ஜிபிடியின் வாசகத்தைத் தழுவியது என்று. மாணவர்கள் கொதித்துப்போனார்கள், கல்லூரி மன்னிப்புக் கேட்டது. அந்தக் கடைசி வரி நேர்மையானது. ஆனால் அதைப் படித்தபின் மேலே இருந்த ஒரு வாக்கியமும் நிற்கவில்லை. அடுத்த வருடம் பாரிஸ் ஒலிம்பிக் சமயத்தில் கூகுள் ஒரு விளம்பரம் போட்டது. தன் சின்ன மகள் அவளுக்குப் பிடித்த தடகள வீராங்கனைக்குக் கடிதம் எழுத உதவுமாறு ஓர் அப்பா கூகுளின் ஏஐயான ஜெமினியிடம் கேட்கிறார். குழந்தை எழுதினால் கோணல்மாணலாகத்தான் இருக்கும், அதில்தானே அழகு என்று பார்த்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கூகுள் அதை ஒலிம்பிக் ஒளிபரப்பிலிருந்து எடுத்துவிட்டது.

சரி, இந்த இயந்திரம் ஏன் எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதுகிறது? கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, இந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துச் சேர்ப்பதுதான் அதன் அடிப்படை வேலை. அதற்குமேல், மனிதர்கள் எந்தப் பதிலை விரும்புகிறார்கள் என்று பார்த்து அதைப் பழக்குகிறார்கள். அதனால் யாருக்கும் உறுத்தாத, எங்கும் பொருந்துகிற, கொஞ்சம் பணிவான ஒரு நடுத்தரக் குரல் வந்துவிடுகிறது. 2015இல் கூகுள் மெயிலுக்குக் குறும்பதில் பரிந்துரைக்கும் ‘ஸ்மார்ட் ரிப்ளை’யை உருவாக்கியபோது, அதன் ஆரம்ப வடிவம் எந்த மெயிலுக்கும் ‘ஐ லவ் யூ’ என்று பதில் போடச் சொன்னதாம். இதைக் கூகுள் ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். மனிதர்கள் அடிக்கடி எழுதுகிற சொற்கள் அவை, எதற்கும் போட்டு வைக்கலாம் என்று அதற்குத் தோன்றியிருக்கிறது. இன்றைக்கு ‘ஐ லவ் யூ’ வருவதில்லை, ‘இந்த மெயில் உங்களை நலமாகச் சந்திக்கும் என நம்புகிறேன்’ வருகிறது. ஒரே குடும்பம்தான்.

நம் பக்கத்துக்கு இன்னொரு சங்கடம் உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியர்களும் அமெரிக்கர்களுமாக 118 பேரை எழுத வைத்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஏஐ பரிந்துரைகள் தோன்றும், மற்றவர்களுக்குத் தோன்றாது. பிடித்த உணவு எது என்றால் பீட்சாவும், பிடித்த பண்டிகை எது என்றால் கிறிஸ்துமஸும் பரிந்துரையாக முந்திக்கொண்டு வந்தன. ஷாருக் கானை நினைத்து ஆங்கில ‘எஸ்’ தட்டினால் ஸ்கார்லெட் ஜோஹான்சன் வந்து நின்றார். பரிந்துரையோடு எழுதிய இந்தியர்களின் நடை அமெரிக்கர்களின் நடைப் பக்கமாகவே சாய்ந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. நம் ஊர்ப் பிள்ளைகள் பொங்கலுக்கு லீவு என்று பையருக்கு எழுதுவதை ஏஐ ‘அறுவடைத் திருவிழா விடுமுறை’ என்று மாற்றுவதை நானே பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த பழைய பையர்களில் பொங்கல் தெரியாதவர் கிடையாது. ஜனவரி நடுவில் நாலு நாள் நாம் போனை எடுப்பதில்லை என்ற வருத்தத்தோடு தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

இதற்காக உடனே ஏஐயைத் தூக்கிப்போடச் சொல்லமாட்டேன். பழைய நாளில் நாமெல்லாம் சொந்தக் குரலில் எழுதிக் கிழித்துவிட்டோமா என்ன? இன்லாண்ட் லெட்டரைப் பிரித்தால் ‘நலம், நலமறிய ஆவல்’. பள்ளிக்கூட லீவ் லெட்டர் என்றால் ‘ஆஸ் ஐயாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’. வயிற்று வலிக்கும் அதே காய்ச்சல்தான். தபால் நிலையத்தில் வாழ்த்துத் தந்திகளுக்கு எண் போட்ட வாசகப் பட்டியலே இருந்தது. தீபாவளிக்கு ஓர் எண், கல்யாணத்துக்கு ஓர் எண். எண்ணைச் சொன்னால் போதும், மணமக்கள் மீது வானகத்தின் ஆசிகள் பொழியும். 2013 ஜூலையில் தந்திச் சேவையை நிறுத்தும் வரை அந்த வாழ்த்தைப் படித்துவிட்டு ‘இது நீங்கள் எழுதியதுதானா’ என்று எந்த மாப்பிள்ளையும் கேட்டிருக்கமாட்டார். எண் என்பது கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக்கொடுப்பவரும் அப்படித்தான். அந்தக் கையெழுத்து மனுதாரருடையதில்லை என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியும். அதனால் யாரும் ஏமாறவில்லை. உங்கள் விஷயத்தில் உறுத்துவது, அவர் உங்களை எதிர்பார்த்துத் திறந்த மெயிலில் வேறொருவர் இருந்தது.

பையரின் சந்தேகத்தைப் பற்றியும் ஒரு தகவல். 2023இல் வெளியான ஒரு ஆய்வு, இதுவும் கார்னெல்காரர்களுடையதுதான், குறும்பதில் பரிந்துரைகளை வைத்து இருவர் இருவராகப் பேச வைத்துப் பார்த்தது. உண்மையிலேயே அதைப் பயன்படுத்தியவர்களை எதிரில் இருந்தவர்கள் இணக்கமானவர்கள் என்றே சொன்னார்கள். பயன்படுத்துகிறார் என்று யாரைச் சந்தேகப்பட்டார்களோ அவரைத்தான் மதிப்புக் குறைவாகப் பார்த்தார்கள். ஆக, ஒன்றரை வருடம் உங்கள் வேலை மெயில்களில் அவருக்குக் குறை தெரியவில்லை. ஆறுதல் மெயிலில்தான் சந்தேகம் வந்திருக்கிறது. இனி எல்லா மெயிலையும் அந்தச் சந்தேகத்தோடு திறப்பார் என்பதுதான் கவலை, அதனால்தான் இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன்.

வேலை மெயிலில் எனக்கு இருக்கும் பயம் வேறு. இரண்டு வருடத்துக்கு முன் பயிற்சிக்குப் போயிருந்த ஓர் அலுவலகத்தில் நடந்தது இது. பையர் ஷிப்மென்ட் தேதி கேட்டிருக்கிறார். ஜூனியர் பையன் தன் ஆங்கிலத்தில், ‘18ஆம் தேதிக்குள் ஏற்றிவிட முயல்கிறோம், சாயமேற்றும் டையிங்கிலிருந்து துணி வருவதைப் பொறுத்தது’ என்று சரியாகத்தான் எழுதினான். மெருகேற்றச் சொல்லி ஏஐயிடம் கொடுத்தான். ‘18ஆம் தேதிக்குள் சரக்கு ஏற்றப்படுவதை உறுதிசெய்வோம்’ என்று வந்தது. அழகாக இருக்கிறதே என்று அனுப்பிவிட்டான். டையிங் ஐந்து நாள் தாமதம். பையர் அந்த மெயிலைத் திருப்பி அனுப்பி, ‘உறுதி’ என்ற சொல்லுக்கு மஞ்சள் அடித்திருந்தார். தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டிய சரக்கு, கம்பெனிச் செலவில் விமானத்தில் போனது. அந்த ஆர்டரின் லாபமும் அதே விமானத்தில் போனது. பையன் அழுதுவிட்டான். தப்பான ஆங்கிலத்தில் அப்படியே அனுப்பியிருந்தால் பைசா செலவில்லை.

இதே போல்தான், துணி 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) கேட்ட இடத்தில் வாஷுக்குப் பிறகு 168 வருகிறது என்று எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணை அது பெரும்பாலும் தொடாது. முன்னால் ‘சிறிய வேறுபாடு’ என்று ஒட்டிவிடும். அது சிறியதா பெரியதா என்று சொல்லவேண்டியது நீங்களும் பையரும். அதே போல ‘எங்கள் தப்பு, கட்டிங்கில் கவனிக்கவில்லை’ என்பது ‘ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்’ ஆகிவிடும். தப்பு யாருடையது என்பதே காணாமல் போகும். பையர்கள் இதைத் தந்திரம் என்று எடுத்துக்கொள்வார்கள். நீங்களோ மரியாதை என்று நினைத்து அனுப்பியிருப்பீர்கள்.

ஆகவே ஏஐயை விடவேண்டாம், அதன் இடத்தை மாற்றுங்கள். இப்போது அது எழுதுகிறது, நீங்கள் சரிபார்க்கிறீர்கள். இனி நீங்கள் எழுதுங்கள், அது சரிபார்க்கட்டும். ஆங்கிலத்தில் வராவிட்டால் தமிழிலேயே எழுதுங்கள், போனில் பேசிப் பதிவுசெய்தாலும் சரி. அதைக் கொடுத்து, எளிய ஆங்கிலத்தில் மாற்று, நான் சொல்லாத எதையும் சேர்க்காதே, வரிசையை மாற்றாதே என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதியதாக இருந்தால், இலக்கணப் பிழையை மட்டும் திருத்து, எதையெல்லாம் மாற்றினாய் என்று தனியாகக் காட்டு என்று கேளுங்கள். ‘இதை நன்றாக எழுதிக் கொடு’ என்ற வாக்கியத்தை மட்டும் மறந்துவிடுங்கள். அந்த ‘நன்றாக’வில்தான் வினையெல்லாம் இருக்கிறது. வந்ததும் முதலில் நீளத்தைப் பாருங்கள். ஐந்து வரி கொடுத்து பதினோரு வரி வந்தால் ஆறு வரி யாருடையது? அப்புறம் ‘முயல்கிறோம்’, ‘செய்வோம்’ மாதிரி வாக்குக் கொடுக்கும் சொற்களையும் தேதிகளையும் உங்கள் மூலத்தோடு ஒப்பிடுங்கள். மற்றதை அவ்வளவு கவலையாகப் பார்க்கவேண்டியதில்லை. லேப் டிப் (சாய நிற மாதிரி) அனுப்பிவிட்டோம், கூரியர் எண் இது என்கிற மாதிரி மெயில்களை முழுக்க அதுவே எழுதினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதெல்லாம் நம்முடைய தந்தி எண்கள்.

ஜிமெயிலில் தட்டும்போதே சாம்பல் நிறத்தில் மீதி வாக்கியம் தோன்றுமே, 2018இல் வந்த ‘ஸ்மார்ட் கம்போஸ்’, அதை நான் அணைத்துவைத்திருக்கிறேன். செட்டிங்ஸில் பொதுப் பகுதியிலேயே இருக்கிறது. டேப் விசையைத் தட்டாவிட்டாலும், கண்ணில் பட்ட சொல் மனதில் இருந்த சொல்லைத் தள்ளிவிடுகிறது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2020இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். படங்களைப் பார்த்து விவரிக்கச் சொன்னபோது, சொற்பரிந்துரை காட்டப்பட்டவர்கள் சுருக்கமாகவும், எளிதில் ஊகிக்கக்கூடிய சொற்களிலுமே எழுதினார்கள். எனக்கு அந்த ஆய்வைப் படிக்கும் முன்பே எரிச்சல்தான். வாயெடுத்துப் பேசும்போது பக்கத்தில் ஒருவர் வாக்கியத்தை முடித்துவைத்துக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்?

“உங்கள் நடையிலேயே எழுதித் தருகிறோம்” என்றும் இப்போது வந்துவிட்டார்கள். பழைய மெயில்களைப் படித்து உங்கள் தொனியில் பதில் தயாரிக்கும் வசதியை ஜிமெயிலுக்குக் கொண்டுவருவதாக 2025 மே மாதம் கூகுள் அறிவித்தது. உங்கள் விஷயத்தில் அதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒன்றரை வருடமாக நீங்கள் அனுப்பியதெல்லாம் ஏஐ எழுதியது. அதைப் படித்து அது உங்கள் நடையைக் கற்றுக்கொண்டால், தன் குரலையே உங்கள் குரல் என்று உங்களுக்கே திருப்பிக் கொடுக்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பையரின் டெக் பேக் (ஆடையின் அளவு, தையல் விவரங்கள் அடங்கிய கோப்பு), விலைப் பட்டியல், இன்னும் கடைக்கு வராத டிசைன் இதையெல்லாம் இலவச ஏஐ கணக்கில் ஒட்டி மெயில் எழுதச் சொல்கிற பழக்கம் பல அலுவலகங்களில் பார்க்கிறேன். பையரோடு போட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை உங்கள் முதலாளி ஒருமுறை எடுத்துப் படித்தால் நல்லது.

இப்போது அந்த மாதிரிக் கடிதம். தரமாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏஐ எழுதிய இடத்தில் நான் எழுதினால் உங்கள் பையருக்கு மூன்றாவது ஆள் அறிமுகமாவார், அவ்வளவுதான். பதிலாகச் சில கேள்விகள் கேட்கிறேன். அந்தப் பெரியவர் கட்டிங் டேபிளில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்? கத்தரியைத் தொட்டாரா? துணியைத் தடவிப் பார்த்தாரா? உங்கள் கட்டிங் மாஸ்டரிடம் ஏதாவது சொன்னாரா, பாஷை தெரியாமல் இருவரும் எப்படிப் பேசிக்கொண்டார்கள்? மாஸ்டர் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாரா? இருந்தால் அவரிடம் போய், அந்த ஐயா இறந்துவிட்டார் என்று சொல்லுங்கள். அவர் என்ன சொல்கிறாரோ அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் பதிலை உங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஆறேழு வரியில் எழுதுங்கள். முதல் வரியில் உண்மையைச் சொல்லிவிடுங்கள்: போன மெயில் ஏஐயின் உதவியால் எழுதியது, தப்பாக எழுதிவிடுவேனோ என்று பயந்தேன் என்று. அதற்கு மேல் மன்னிப்புக் கேட்டு நீட்ட வேண்டாம். இந்த ஒரு மெயிலில் இலக்கணத்தைக்கூடத் திருத்தக் கொடுக்காதீர்கள். பெரியவரின் பெயரை எப்படி எழுதுவது என்பதை மட்டும் பழைய விசிட் ஃபைலில் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். ஷிப்மென்ட் பேச்சு எதுவும் இதில் வேண்டாம், அதற்குத் தனி மெயில் போடுங்கள். நமக்கு மதியச் சாப்பாட்டு நேரம்தான் அங்கே காலையில் ஆபீஸ் திறக்கும் நேரம். அப்போது அனுப்பினால், மற்ற மெயில்கள் வந்து மேலே குவிவதற்கு முன் படிப்பார்.